கருப்பையாவுக்கு ஒரு டிரங்க் கால்

தோட்டத்து ஆபீசில் டெலிபோன் மணி அடித்தால் ஏழாம் நம்பர் மலையில் யாராவது ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. பழக்கம்தான். 1979-இல் அந்தத் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு டெலிபோனில் வருவது ஒன்றே ஒன்று: சாவு. கல்யாணம் கடிதத்தில் வரும். வளைகாப்பு பஸ்ஸில் வரும். ஊர் வம்பு ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளில், ரொட்டியைவிடச் சூடாக வரும். செத்துப்போனவர் மட்டும்தான் காத்திருக்க நேரமில்லாமல் கம்பியில் ஏறி வருவார்.

அந்தத் தோட்டத்து லய வீடுகளில் பிறந்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இன்றைக்குக் கண் விழிக்கும் முன்பே இன்டர்நெட்டில் நாற்பது பேர் ரோஜாப் படம் போட்டு வணக்கம் சொல்லிவிடுகிறார்கள். நாற்பதில் ஒன்றுக்குக்கூட யாரும் பதறுவதில்லை. பதறிய காலத்தில் அந்தப் பதற்றத்தை மலை மலையாகச் சுமந்துகொண்டு போய் விநியோகித்தவர் கருப்பையா.

அவர் ஆபீஸ் பையன். பையனுக்கு வயது நாற்பத்தாறு, முன்பல்லில் ஒன்று இல்லை. கணக்கு எழுதும் கிராணிக்குத் தேநீர் வைப்பது, தானா ராத்தா டவுனுக்குப் போய்த் தபால் பை எடுத்து வருவது, டெலிபோன் வந்தால் ஆளைக் கூட்டி வருவது, இந்த மூன்றும் அவர் வேலை. முதல் இரண்டையும் யாரும் செய்யலாம். மூன்றாவதற்குத்தான் காலும் வேண்டும், நெஞ்சழுத்தமும் வேண்டும்.

டெலிபோன் கிராணி ராதாகிருஷ்ணனின் மேசையில் இருந்தது. எண் சுழற்றும் வட்டத்தில் ஒரு குட்டிப் பூட்டு. சாவி கிராணியின் அரைஞாணில் தொங்குவதாகத் தோட்டத்தில் பேச்சு. வெளியூரிலிருந்து யாராவது கூப்பிட்டால் கருப்பையா எடுப்பார். யாருக்கு என்று கேட்பார். அரை மணி கழித்துத் திரும்பப் போடுங்கள், ஆளைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லி வைத்துவிடுவார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மலையேறுவார். என்ன விஷயம் என்று அவருக்கே தெரியாது. ஆனால் கொழுந்து எடுக்கும் பெண்கள் அதை நம்பியதே இல்லை. தூரத்தில் குடை தெரிந்ததுமே அவர் நடையைப் படிக்க ஆரம்பிப்பார்கள். வேகமாக வந்தால் நெருங்கிய சாவு, மெல்ல வந்தால் தூரத்துச் சாவு. ஒரு முறை, பாவம் பெண்கள் பயப்படுகிறார்களே என்று, ஐம்பது கெஜத்துக்கு முன்பிருந்தே, சாவு இல்லை, சாவு இல்லை என்று கத்திக்கொண்டு போனார். அன்றைக்கு உண்மையிலேயே சாவு. அதிலிருந்து கருப்பையா "சாவு இல்லை" என்றால் இரண்டு சாவு என்று ஆகிவிட்டது.

பன்னிரண்டு வருடங்களில் எத்தனையோ பேரை அவர் அந்த மேசைக்கு முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அவருக்கென்று ஒரு மணி அடித்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். நம் வீட்டில் யாரும் சாகவில்லை என்றுதானே அர்த்தம்.

அந்த வருடம் மாசியில் அவருடைய ஒரே மகள் ரஞ்சிதம் பினாங்குக்குப் போனாள். பாயான் லெப்பாசில் புதிது புதிதாக எலக்ட்ரானிக் ஃபேக்டரிகள் வந்திருந்தன. ஆள் எடுக்க ஒரு வேன் தோட்டத்து வாசல் வரை வந்தது. பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்து, தோட்டப் பதிவில் பேர் போடாத நாள் கூலியாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொன்னாள். டவுனில் ஹாஸ்டலில் தங்கி ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் பெண்களைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று கருப்பையாவுக்குத் தெரியும். ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நடப்பதுதானே அவர் பிழைப்பு. வேன் புறப்படும்போது அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"போறதுன்னா போ. திரும்பி இந்தப் படியில மட்டும் கால வைக்காத."

படி கம்பெனியுடையது. வீடும் கம்பெனியுடையதுதான். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த நிமிடத்தில் கோபம் மட்டுமே அவரிடம் இருந்தது. அதை முழுதாகச் செலவழித்துவிட்டார்.

அதன்பின் வாரம் ஒரு கடிதம் வந்தது, அம்மா அம்மாக்கண்ணு பேருக்கு. அதைத் தானா ராத்தாவிலிருந்து சுமந்து வருவதும் கருப்பையாதான். உறையின் பின்பக்கத்து ஃபேக்டரி முகவரியை வழியெல்லாம் படித்துக்கொண்டு வருவார், மனப்பாடமே ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் யாரோ எவருக்கோ எழுதியதைப்போல மனைவியிடம் நீட்டுவார். அம்மாக்கண்ணுவுக்கு எழுத்துத் தெரியாது. அடுத்த வீட்டு நவமணி வந்து படிப்பாள். அந்த நேரத்தில் கருப்பையா வெளியே உட்கார்ந்து ஆபீசுக்குக் காலில் மாட்டும் சப்பாத்தைத் துடைப்பார். நவமணியும் விவரம் தெரிந்தவள், சப்பாத்துக்குக் கேட்கிற மாதிரி உரக்கவே படிப்பாள். கடிதம் ஒரு பக்கம் என்றால் ஒரு சப்பாத்து பளபளக்கும். மூன்று பக்கம் வந்த வாரத்தில் கிராணியே அசந்துபோய், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

அப்படித்தான் ரஞ்சிதத்தின் வேலை அவருக்குத் தெரியவந்தது. பூதக்கண்ணாடி வைத்த கருவியில் கண்ணைப் பதித்துக்கொண்டு, அரிசிக் குறுணை அளவு சில்லில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி தைக்கிறாளாம். பூரான்போலப் பக்கத்துக்கு ஏழு கால் முளைத்த கறுப்புப் பூச்சியாக அது வெளியே வருமாம். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. அமெரிக்காவுக்குப் போகிறது என்றார்களாம். பூரானைச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறாள் என் மகள் என்று கருப்பையா மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பூச்சியின் பேரப்பிள்ளைகள்தான் பின்னாளில் உலகத்தையே ஒரு வலையில் கோத்துப் போடப்போகின்றன என்று அந்த லயத்தில் யாருக்குத் தெரியும்? துரைக்கே தெரியாது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்த கடிதத்தில் கதை திரும்பியது. ஃபேக்டரியில் தீபாவளி லீவு வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும். வெள்ளி காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு டெலிபோன் போடுவேன். அப்பா தன் வாயால் வா என்று சொன்னால் பேர் கொடுப்பேன். இல்லையென்றால் ஹாஸ்டலிலேயே இருந்துகொள்வேன், இந்த வருடம் மட்டுமல்ல, இனிமேல் எப்போதும் கேட்கமாட்டேன். நவமணி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். வெளியே சப்பாத்துத் துடைக்கும் சத்தம் நின்றது.

அம்மாக்கண்ணு வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லி வைத்தாள். கருப்பையா வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினார். தபால் எடுக்கப் போகும் வழியில், பனி மூடிய வளைவுகளில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, "வாம்மா" என்று சொல்லிப் பார்த்தார். மிகவும் இறங்கிப்போகிறதாகப் பட்டது. "வந்தா வா" என்று சொல்லிப் பார்த்தார். அது கடைக்காரன் பேச்சு. வியாழக்கிழமைக்குள் பதினோரு விதமாகச் சொல்லிப் பார்த்து ஒன்றும் தேறவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்று இருந்தார்.

மணி வியாழக்கிழமையே அடித்தது.

கிராணி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கருப்பையா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார். எக்ஸ்சேஞ்சிலிருந்து மலாய்க்காரப் பெண். வெளியூர் டிரங்க் கால், கருப்பையா என்பவர் இருக்கிறாரா என்று மலாயில் கேட்டாள். கருப்பையா பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவருவதை அன்றைக்கும் மரியாதையாக மலாயில் சொன்னார். அரை மணி கழித்துத் திரும்பப் போடுங்கள், நான் போய் ஆளைக் கூட்டி வருகிறேன். வைத்துவிட்டுக் குடையை எடுத்தார்.

கிராணி தலை தூக்காமல் கேட்டார். "யாருக்குப்பா?"

"கருப்பையாவுக்காம், ஐயா."

படியிறங்கினார். எந்தக் கருப்பையா என்று யோசித்தார். பாய்லர் கருப்பையாவாகத்தான் இருக்கும், அவனுக்குத்தான் வெளியூரில் சொந்தம் அதிகம். மூன்றாவது படியில், பாய்லர் கருப்பையா செத்து இரண்டு வருடமாகிறது என்பது ஞாபகம் வந்தது. அந்தச் சாவுக்கு அவனுடைய தம்பியைக் கூட்டி வந்ததே இவர்தான். நான்காவது படியில் தோட்டத்தில் மிச்சமிருக்கும் ஒரே கருப்பையா யார் என்பது விளங்கியது.

குடை கையிலிருந்து விழுந்தது.

உள்ளே ஓடிவந்து டெலிபோனைப் பார்த்தார். அது பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா இருந்தது. கிராணிக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவர் பேனாவை மூடினார்.

"ஒம் மக போட்ட போனுக்கே ஆளக் கூட்டி வரேன்னு சொல்லி வச்சிட்டியா?"

"பழக்கம் ஐயா."

"அரை மணியில ரெண்டு நிமிசம் போச்சு. நின்னு என்ன பாக்குற? போய் அவ அம்மாவயாவது கூட்டியா லா."

கருப்பையா ஓடினார். பன்னிரண்டு வருடங்களில் அவர் வேகமாக நடந்ததுண்டு, ஓடியதில்லை. குடையில்லாமலும் போனதில்லை. ஏழாம் நம்பர் மலையில் முப்பது பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பார்த்தவள் பவளம். ஆபீஸ் பையன் ஓடி வருகிறார், கையில் குடை இல்லை. அவள் கை கொழுந்தில் அப்படியே நின்றுவிட்டது. வரிசை வரிசையாக எல்லாக் கைகளும் நின்றன. இது சாதாரணச் சாவு இல்லை.

யார் பக்கம் திரும்புகிறார் என்று மலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவர் அம்மாக்கண்ணுவின் வரிசைக்குள் நுழைந்தார்.

மகளின் டெலிபோன் நாளைக்கு என்று எல்லோருக்கும் தெரியும். நவமணி படித்ததை மலை முழுக்கக் கேட்டாயிற்று. அப்படியானால் இன்றைக்கு வந்தது மகள் பேசும் டெலிபோன் இல்லை. மகளைப் பற்றிய டெலிபோன். அம்மாக்கண்ணு கூடையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கருப்பையாவுக்கு மூச்சு வாங்கியது. விளக்கிச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வாயில் வந்தது இரண்டே சொல்.

"சாவு... இல்ல..."

அவ்வளவுதான். முப்பது பெண்களும் ஒரே குரலில் ஒப்பாரி எடுத்தார்கள்.

கங்காணி சிங்காரம், நல்ல மனிதர், கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு இன்னும் ஒரு மணி இருக்கிறது என்பதைக்கூட மறந்து, எல்லாரும் இறங்குங்கடி, தனியா விடாதீங்க அந்தப் பொம்பளைய என்று உத்தரவு போட்டார். அழுகை மலையிலிருந்து இறங்கியது. நடுவில் அம்மாக்கண்ணு, இரண்டு கைகளையும் இருவர் பிடித்துக்கொள்ள. முன்னால் கருப்பையா, திரும்பித் திரும்பி, அவள் நல்லாத்தான் இருக்கா, பேசப்போறா, இப்பப் பேசப்போறா என்று கெஞ்சிக்கொண்டே. மகள் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவருக்காகவும் இரண்டு பேர் சேர்த்து அழுதார்கள்.

ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் மட்டும்தான் உள்ளே வரலாம் என்ற கிராணியின் சட்டம் கதவோடு சேர்ந்து ஒதுங்கியது. ஜன்னலெல்லாம் தலைகள்.

கருப்பையா எடுத்தார். ஏதோ கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல, "அப்பா" என்று கேட்டது.

அவர் கையை உயர்த்தினார். அழுகை பாதியில் அறுந்தது. அந்த அமைதியில் அவருடைய குரல் தேயிலை ஃபேக்டரி வரைக்கும் கேட்டிருக்கும். அந்தக் காலத்து டிரங்க் காலில் கத்தினால்தான் பேச்சு.

"ரஞ்சிதமா? அங்க குளிரா?"

"பினாங்குல எப்படிப்பா குளிரும்?"

"இங்க குளிரு. மழ வேற."

"தெரியும்பா. அங்கதான பொறந்தேன்."

"காலையில இருந்து மழ."

அம்மாக்கண்ணு, கண்ணீரோடு, அவர் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல். கருப்பையா நெளிந்தார். டிரங்க் காலுக்குக் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் முழுதாக ஒன்றை மழைக்குக் கொடுத்தாயிற்று.

ரஞ்சிதம்தான் பேசினாள். ராத்திரி ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள், அதனால்தான் இன்றைக்கே போட்டேன். நாளைக் காலை ஷிஃப்ட் விட்டதும் பேர் கொடுக்க வேண்டும். அவ்வளவும் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"வரவா, வேணாமாப்பா?"

சொல்லிப் பார்த்த பதினொன்றும் மறந்துபோயிற்று. முப்பது பெண்கள், கங்காணி, கிராணி, எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"ஒங்கம்மா வரச் சொல்றா."

"அம்மா சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க."

நடுவே மலாய்க்காரப் பெண் புகுந்து நேரம் முடிகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். ரஞ்சிதம் "அப்பா, கேக்குதா?" என்றாள். கருப்பையா கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு வருட ஆபீஸ் குரல் எல்லாம் உடைந்து, உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

"வா தாயி! வீட்டுக்கு வந்துரு!"

ஜன்னல்களில் மறுபடியும் அழுகை. இது வேறு அழுகை. பவளம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கங்காணி தொப்பியைக் கழற்றினார். அம்மாக்கண்ணு புருஷனை, அதுவரை பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

கருப்பையா மட்டும் டெலிபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அதில் "ஙொய்ய்" என்று ஒரே சத்தம்.

"என்னங்க? என்ன சொன்னா?"

சரி என்று சொல்லிவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் சந்தோஷமாக மலையேறியிருப்பார்கள். கருப்பையா டெலிபோனை மெல்ல வைத்தார்.

"முன்னமே கட்டாயிருச்சு. அவளுக்குக் கேக்கல."

தோட்டமே கேட்டிருந்தது. கேட்க வேண்டியவளுக்கு மட்டும் கேட்கவில்லை. தான் இரண்டு முறை கேட்டும் அப்பா வாயைத் திறக்கவில்லை என்றுதான் அவள் இப்போது நினைத்துக்கொண்டு நிற்பாள்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவள் பேசியது ஏதோ பொது டெலிபோனில். அதற்கு எண் யாருக்கும் தெரியாது. கடிதம் போட்டால் திங்கள் ஆகும். தந்தி அடிக்கலாம் என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் அவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள். தந்தியைக் கண்டால் படிக்கும் முன்பே அந்தப் பெண் விழுந்துவிடமாட்டாளா?

கிராணி ராதாகிருஷ்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொன்னுக்குத் தேயில லோரி கீழ எறங்குது. தாப்பா டவுனுல எறங்கி பஸ் புடிச்சுக்க. லீவு நான் எழுதிக்கறேன்."

அம்மாக்கண்ணு தன் கம்பளிச் சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"போங்க. போயி மழையப் பத்திப் பேசிட்டு நிக்காதீங்க."

அவர் வெள்ளைச் சட்டையைக்கூட எடுக்கவில்லை. லோரியில் தேயிலைப் பெட்டிகளோடு வளைவுகளில் ஆடி, தாப்பாவில் ஒரு பஸ், ஈப்போவில் ஒரு பஸ், பட்டர்வொர்த் படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்தபடி மிச்ச இரவு, விடியும் முன்பே முதல் ஃபெரி. உறைகளின் பின்பக்கத்தில் படித்த முகவரியைச் சொல்லிச் சொல்லி, காலை ஏழு மணிக்கு ஃபேக்டரி வாசலில் போய் நின்றார்.

ராத்திரி ஷிஃப்ட் விட்டது. நீலக் கோட்டு போட்ட பெண்கள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தார்கள். ஒரே கோட்டு, ஒரே களைப்பு. மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு. ஊர் பேசிய பேச்சில் இந்தக் கண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று கருப்பையாவுக்குத் தோன்றியது. ஒன்றிரண்டு பேர் அவரைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பினாங்கு வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட மலைநாட்டு ஸ்வெட்டரோடு ஒரு ஆள்.

அவர் கண்டுபிடிக்கும் முன் ரஞ்சிதம் அவரைக் கண்டுவிட்டாள். நின்ற இடத்திலேயே முகம் வெளிறியது.

"அம்மாவுக்கு என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா. கிள்ளுறா."

"பின்ன?"

"நேத்துக் கேட்டியே, அதுக்குப் பதில் சொல்ல வந்தேன். லைன் கட்டாயிருச்சு."

"பதில் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

கருப்பையா தலையாட்டினார். கத்த வேண்டியதில்லை, நேரம் முடிந்தது என்று சொல்ல இடையில் யாரும் இல்லை. அதுதான் சுசாவாக இருந்தது. கத்திப் பேசுவதைவிட இதுவே கஷ்டம். அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் அவள் கோட்டுப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா சொல்லி வரல. நான்தான் கூப்புடுறேன். வா தாயி. படியில வந்து ஒக்காரு. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

ரஞ்சிதம் கையிலிருந்த சாப்பாட்டுச் சட்டியை அவரிடம் கொடுத்தாள். திரும்பி, வெளியே வரும் நீலக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு, வாசல் காவலாளி கேட்டதற்கும் நிற்காமல் உள்ளே ஓடினாள்.

கருப்பையா சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காவலாளி வந்து மலாயில் அவரை விசாரித்தார். மகள், லீவுக்குப் பேர் கொடுக்கப் போயிருக்கிறாள் என்று கருப்பையா சொன்னார். கேட்காமலே, எங்கிருந்து வருகிறேன் என்பதையும், எத்தனை பஸ் மாறினேன் என்பதையும், அங்கே மழை என்பதையும் சொன்னார்.

கால் மணி கழித்து ரஞ்சிதம் வந்தாள். கண் சிவந்திருந்தது, ராத்திரி ஷிஃப்டால் என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"பேரு குடுத்துட்டேன். வாங்க, பசியாறப் போலாம். மொதல்ல அந்த ஸ்வெட்டரக் கழட்டுங்கப்பா, என் கூட்டாளிங்க எல்லாம் பாக்குறாங்க."